குறைத்துக்கொண்டு நிறைவாக வாழ: வீடு, வாசிப்பு, மரம், பறவை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலைக்கும் போய்க்கொண்டு, குடும்பத்தையும் பார்த்துக்கொண்டு, பொருளையும் செல்பேசியையும் கொஞ்சம் குறைத்து, புத்தகத்துக்கும் வீட்டைச் சுற்றியுள்ள மரம் பறவைகளுக்கும் நேரம் ஒதுக்க நினைப்பவர்களுக்காக இந்தப் பக்கம். வேலையை விட்டுவிட்டுத் தோட்டம் வாங்கிக் குடியேறுவது பற்றி இங்கே எதுவும் இல்லை. அது வேறு கணக்கு.

எங்கிருந்து தொடங்குவது? அலமாரியைக் காலி செய்வதிலிருந்தா?

வேண்டாம். பெரும்பாலோர் அலமாரியில்தான் கை வைக்கிறார்கள். இரண்டு மாதத்தில் அது மறுபடி நிரம்பிவிடுகிறது, ஏனென்றால் அந்தப் பொருளையெல்லாம் வாங்க வைத்த நேரம் அப்படியே இருக்கிறது. இரவு சாப்பாடு முடிந்து ஒன்பதரை மணிக்குச் செல்பேசியோடு சாய்ந்தால், படம் பார்ப்போம், விலை பார்ப்போம், கடைசியில் ஏதோ ஒன்று ஆர்டர் ஆகியிருக்கும்.

அதனால் முதலில் நேரத்தைப் பிடியுங்கள். நாளுக்கு 60 நிமிடம் போதும்: காலையில் 20 நிமிடம் வெளியே, இரவில் 40 நிமிடம் புத்தகத்தோடு. மூன்று வாரம் இதை மட்டும் செய்யுங்கள், வேறு எதையும் மாற்ற வேண்டாம். காலையும் இரவும் ஒட்டிக்கொண்ட பிறகு அலமாரிப் பக்கம் போகலாம். அதற்குள் பாதிப் பொருள் எதற்கென்று உங்களுக்கே தோன்றியிருக்கும்.

செல்பேசியைக் குறைக்கப் பலமுறை முயன்று தோற்றுவிட்டேன். உண்மையில் வேலை செய்யும் வழி என்ன?

மன உறுதியை நம்பாமல் இடத்தை மாற்றுங்கள். செல்பேசி இரவில் தூங்கும் இடம் கூடமாகவோ சமையலறையாகவோ இருக்கட்டும். சார்ஜரையும் அங்கேயே நிரந்தரமாக வையுங்கள். படுக்கையறையில் சார்ஜர் இருந்தால் பின்னாலேயே செல்பேசியும் வந்துவிடும்.

அலாரத்துக்குத்தான் பக்கத்தில் வைத்திருக்கிறேன் என்பது எல்லோரும் சொல்வது. பழைய மேசைக்கடிகாரம் ஒன்று வாங்கிவிடுங்கள். இந்தப் பக்கத்தில் நாங்கள் வாங்கச் சொல்லும் மிகச் சில பொருள்களில் அது ஒன்று.

ஊரில் வயதான அப்பா அம்மா இருப்பவர்களுக்கு இதில் நியாயமான பயம் உண்டு. செல்பேசியின் ‘தொந்தரவு செய்யாதே’ (Do Not Disturb) அமைப்பில் அதற்கு வழி இருக்கிறது. குறிப்பிட்ட எண்களை மட்டும் விருப்பப் பட்டியலில் சேர்த்தால் அவர்கள் அழைப்பு எந்நேரமும் ஒலிக்கும். அதோடு, ஒரே எண்ணிலிருந்து அடுத்தடுத்து இருமுறை அழைத்தால் ஒலிக்கும்படியும் வைக்கலாம். ஆண்ட்ராய்டில் 15 நிமிடத்துக்குள், ஐபோனில் 3 நிமிடத்துக்குள் இரண்டாவது அழைப்பு வர வேண்டும். இதை வீட்டாரிடம் சொல்லிவையுங்கள்: “அவசரம்னா ரெண்டு தடவை அடிங்க.” ஒருமுறை சோதித்தும் பாருங்கள்.

செயலிகளை நீக்கினால் மறுநாளே திரும்ப இறக்கிவிடுகிறோம். அதைவிட, ஒவ்வொரு முறையும் கணக்கிலிருந்து வெளியேறிவிடுவது நன்றாக உதவுகிறது. கடவுச்சொல் தட்டும் அரை நிமிடத்தில் எதற்காகத் திறந்தோம் என்று யோசிக்க இடம் கிடைக்கிறது. வாட்ஸ்அப் குழுக்களை விட்டு வெளியேற வேண்டாம், உறவில் மனஸ்தாபம்தான் வரும். ஒலியை மட்டும் நிறுத்துங்கள்.

முன்பெல்லாம் நாவலை ஒரே மூச்சில் முடிப்பேன். இப்போது பத்து நிமிடம்கூட உட்கார முடியவில்லை. ஏன்?

நாற்பது வயதைத் தாண்டியவர் என்றால் முதலில் கண்ணைப் பாருங்கள். புத்தகத்தைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தால் தெளிவாகத் தெரிகிறதா? அது வெள்ளெழுத்து. வாசிப்பில் ஆர்வம் போய்விட்டது என்று வருந்துகிறவர்களில் பலருக்கு ஆர்வம் போகவில்லை, கண் களைத்துப்போகிறது, அவ்வளவுதான். செல்பேசியில் எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்வதால் இது தெரியாமலே ஓடிவிடுகிறது. அச்சுப் புத்தகத்தில் மாட்டிக்கொள்கிறது. கண் பரிசோதனை செய்து படிப்பதற்கான கண்ணாடி போட்டால் ஒரே வாரத்தில் வித்தியாசம் தெரியும்.

அடுத்தது வெளிச்சம். அறையின் நடுவில் எரியும் குழல்விளக்கை நம்பி எதிர்ச்சுவரோரம் உட்கார்ந்தால் உங்கள் நிழலே பக்கத்தின் மேல் விழும். தோளுக்குப் பின்னால், கொஞ்சம் இடப்பக்கமாக, 9 வாட் எல்இடி விளக்கு ஒன்று போதும்.

இரண்டும் சரியாக இருந்தும் மனம் ஓடினால், படிக்கும் பொருளைச் சிறிதாக்குங்கள். முதல் இரண்டு வாரம் நாவலைத் தொட வேண்டாம். ஒரே இருப்பில் முடிகிற சிறுகதை, கட்டுரை, பயணக்குறிப்பு எடுங்கள். முடித்தேன் என்ற உணர்வு திரும்ப வருவதுதான் முக்கியம். வீட்டில் பெரியவர்களோ குழந்தைகளோ இருந்தால் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள், வாய் ஓடும்போது மனம் வேறெங்கும் ஓடாது.

ஆண்டுக்கு இத்தனை புத்தகம் என்று இலக்கு வைக்கலாமா?

வைக்காதீர்கள். எண்ணிக்கைக்காக மெலிந்த புத்தகமாகத் தேடி எடுக்கும் பழக்கம் வந்துவிடும். கணக்கு தெரிந்தால் போதும்: நிதானமாக வாசிப்பவர் 40 நிமிடத்தில் ஏறக்குறைய 15 பக்கம் போவார். 14 நாளில் 210 பக்கம். நூலகத்தில் பெரும்பாலும் இரண்டு வாரத் தவணை என்பதால், சாதாரண அளவுள்ள புத்தகம் ஒன்று தவணைக்குள் முடிந்துவிடும்.

ஐம்பது பக்கம் வரை வந்தும் ஒட்டவில்லையென்றால் மூடிவிடுங்கள். பிடிக்காத புத்தகத்தை வீம்புக்கு இழுத்துக்கொண்டிருப்பதால் வாசிப்பையே விட்டவர்கள் நிறைய.

புத்தகம் வாங்கவே பெரிய தொகை ஆகிறதே?

நூலகத்துக்குப் போங்கள். தமிழ்நாட்டில் சொத்துவரியோடு சேர்த்து நூலக வரியும் வசூலிக்கப்படுகிறது. சென்னை மாகாணத்தின் 1948-ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டத்திலிருந்து வரும் ஏற்பாடு இது. விடுதலைக்குப் பின் இந்தியாவில் இப்படிச் சட்டம் கொண்டுவந்த முதல் மாகாணம் நம்முடையதுதான், அதன் பின்னால் நூலகவியல் அறிஞர் சீர்காழி எஸ்.ஆர். ரங்கநாதனின் உழைப்பு இருக்கிறது. ஆக, உங்கள் ஊர்க் கிளை நூலகத்துக்கு நீங்கள் ஏற்கெனவே பணம் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

அடையாளச் சான்று, முகவரிச் சான்று நகல்களோடு போனால் சிறு காப்புத்தொகையும் சந்தாவும் கட்டி உறுப்பினர் ஆகலாம். பல கிளைகளுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. முதல்முறை போகும்போது வாசலில் உள்ள நேரப்பலகையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சிறிய கிளையில் எல்லாம் பழைய புத்தகமாக இருக்கிறதே என்று திரும்பிவிட வேண்டாம். மறுபதிப்பு காணாத நல்ல மொழிபெயர்ப்புகளும் பயண நூல்களும் அங்கேதான் தூசியோடு கிடக்கும். நாள் முழுக்க உட்கார்ந்து படிக்க இடம் வேண்டுமென்றால் சென்னை கோட்டூர்புரத்தில் 2010-இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகமும் மதுரையில் 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகமும் இருக்கின்றன.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு: 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் என்ற மின்னூல் தளத்தில் பழந்தமிழ் நூல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன, ஈழத்து நூல்களுக்கு ‘நூலகம்’ என்ற இணையதளம். ஆனால் செல்பேசித் திரையில் வாசித்தால் முன்பு சொன்ன சிக்கல் எல்லாம் திரும்ப வரும். குறுந்தொகைப் பாடல்கள் 4 முதல் 8 அடிதான். தினம் ஒரு பாட்டைத் தாளில் எழுதிக்கொண்டு அதோடு உட்காருவது நல்ல வழி.

மூன்றாவது மாடியில் இருக்கிறோம். எதிரே இன்னொரு கட்டடம். இயற்கைக்கு எங்கே போவது?

எங்கும் போக வேண்டாம். தெருவில் ஒரு மரத்தைத் தேர்ந்தெடுங்கள், ஒன்றே ஒன்று. வேம்பு, புங்கம், பூவரசு, மா, எதுவானாலும் சரி. தினம் காலை அதே நேரத்தில், அதே இடத்தில், 20 நிமிடம். விடுமுறைக்கு ஊட்டிக்குப் போய் நூறு மரத்தைப் பார்ப்பதில் கிடைக்காத ஒன்று இதில் கிடைக்கும்: நேற்றுக்கும் இன்றைக்கும் உள்ள மாற்றம் கண்ணில் படும்.

முதல் ஐந்து நாள் சலிப்பாக இருக்கும், அது இயல்பு. நீங்கள் வந்ததும் அடங்கும் பறவைகளும் அணிலும் மறுபடி அசையத் தொடங்கச் சில நிமிடம் பிடிக்கும். பலர் ஐந்தாவது நிமிடமே எழுந்துவிடுவதால் எதையும் பார்ப்பதில்லை.

நாய்த்தொல்லை உள்ள தெரு, இருட்டு விலகாத நேரம், பெண்கள் தனியாக நிற்கத் தயங்கும் இடம் என்றால் மொட்டைமாடியோ பால்கனியோ போதும். இடி இடிக்கும்போது மொட்டைமாடி கூடாது.

மரத்தில் எதைத்தான் பார்ப்பது?

மாமரமாக இருந்தால் முசுறு எறும்பைத் தேடுங்கள். செந்நிறம், நீண்ட கால், கடித்தால் சுருக்கென்று எரியும். உயிருள்ள இலைகளையே வளைத்துப் பந்துபோலக் கூடு கட்டியிருக்கும். புதுக்கூடு கட்டுவது கண்ணில் பட்டால் அன்றைக்கு வேலைக்குத் தாமதமாவது உறுதி. இரண்டு இலைகளின் ஓரத்தை ஒரு வரிசை எறும்புகள் காலாலும் வாயாலும் பிடித்து இழுக்கும். இடைவெளி அதிகமென்றால் ஒன்றன் இடுப்பை இன்னொன்று கவ்விச் சங்கிலியாகத் தொங்கும். ஓரங்கள் நெருங்கியதும் உள்ளிருந்து சில எறும்புகள் வெள்ளைப் புழுக்களை வாயில் தூக்கிவரும். அவை அதே கூட்டத்தின் குஞ்சுகள். வளர்ந்த எறும்புக்கு நூல் சுரக்காது, புழுவுக்குச் சுரக்கும். புழுவை இந்த இலைக்கும் அந்த இலைக்கும் மாறி மாறித் தொட்டுத் தைக்கும். உற்றுப் பார்த்தால் இலைகளுக்கு நடுவே வெள்ளைத் துணிபோல அந்தப் பட்டு தெரியும்.

மரமே இல்லாத வீட்டில் கறிவேப்பிலைத் தொட்டி ஒன்று போதும். இளந்தளிரில் கடுகளவு மஞ்சள் உருண்டை தெரிந்தால் அது பின்சிறகில் வால்போன்ற நீட்சியுள்ள கருப்புப் பட்டாம்பூச்சி ஒன்றின் முட்டை. வெளிவரும் புழு முதலில் பறவை எச்சம்போலவே இருக்கும், நாமும் எச்சம் என்று நினைத்துத் தட்டிவிடுவோம். வளர வளரப் பச்சையாகும். மெல்லத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து இரட்டை நாக்குபோலச் சிவப்பாக ஒன்றை நீட்டும், ஒரு காட்டமான வாடையும் வரும். எதிரியை விரட்டத்தான் அது. முட்டையிலிருந்து பட்டாம்பூச்சி வரை ஏறக்குறைய ஒரு மாதம். அதற்குள் இலையில் பாதி போய்விடும். ரசத்துக்கு ஒரு கொத்து கடையில் வாங்கிக்கொள்ளுங்கள், செடிக்கு மருந்து அடிக்காதீர்கள். செடி மறுபடி துளிர்க்கும்.

பறவைகளுக்குத் தண்ணீர் வைக்கிறோம். கொசு வருகிறது, பறவை வருவதில்லை.

பாத்திரமும் இடமும்தான் காரணமாக இருக்கும். பிளாஸ்டிக் டப்பாவும் எவர்சில்வர் கிண்ணமும் வழுக்கும், வெயிலில் கொதிக்கும். வாய் அகன்ற மண்தட்டு எடுங்கள். ஆழம் 2 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. சின்னான், தேன்சிட்டு போன்ற சிறு பறவைகள் நிற்க உள்ளே ஒரு தட்டைக் கல் போடுங்கள். நிழலான இடத்தில், பூனை பதுங்கும் செடிமறைவிலிருந்து 6 அடியாவது தள்ளி வையுங்கள். கண்டுபிடித்து வர இரண்டு வாரம்கூட ஆகலாம், இடத்தை மாற்றிக்கொண்டே இருந்தால் வரவே வராது.

கொசுவுக்குத் தண்ணீரை ஊற்றி மாற்றினால் மட்டும் போதாது. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு, தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரத்தின் சுவரில் முட்டையை ஒட்டிவைக்கிறது. மிளகுத்தூள் தூவியதுபோலக் கருப்பாக இருக்கும். பாத்திரம் காய்ந்தாலும் அந்த முட்டை மாதக்கணக்கில் சாகாது, தண்ணீர் பட்டதும் பொரியும். எனவே தினம் தண்ணீர் மாற்றுவதோடு, வாரம் இருமுறை தேங்காய் நாரால் உட்சுவரைத் தேய்க்க வேண்டும். சோப்பு வேண்டாம்.

சோறு, அரிசி வைப்பது பற்றியும் கேட்கிறார்கள். காக்கைக்குக் காலையில் ஒரு பிடி வைக்கும் வழக்கம் உள்ள வீட்டில் அது தொடரட்டும். தட்டுத்தட்டாகத் தானியம் கொட்டினால் புறாக்கூட்டம் சேர்ந்து மற்ற பறவைகளைத் துரத்திவிடும். இட்லிப்பூவும் செம்பருத்தியும் வளர்த்தால் தேன்சிட்டு தானாக வரும்.

பறவை பெயர் தெரியவில்லை. பைனாகுலர், செயலி வாங்க வேண்டுமா?

முதல் ஆறு மாதம் எதுவும் வேண்டாம். கோடு போட்ட நோட்டு ஒன்றில் தேதி, நேரம், அளவு (சிட்டுக்குருவி அளவா, மைனா அளவா, காக்கை அளவா), வால், அலகு, என்ன செய்துகொண்டிருந்தது என்று எழுதுங்கள். பெயர் பிறகு வரும். தவிட்டுக்குருவிக் கூட்டம் சருகைக் கிளறும்போது ஒன்று மட்டும் உயரத்தில் காவல் உட்காரும். பெயர் தெரிவதற்கு முன்பே இதைக் கவனித்தவர் அந்தப் பறவையை அறிந்தவர்.

பிறகும் ஆசை இருந்தால் 8x42 அளவுள்ள (8 மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடி 42 மி.மீ.) பைனாகுலர் வாங்குங்கள். உருவைப் பெரிதாக்குகிறது என்று 12, 20 மடங்கு பார்த்து வாங்குகிறவர்கள் ஏமாறுகிறார்கள், கை நடுக்கமும் அத்தனை மடங்கு பெரிதாகும். குரலை வைத்துச் சொல்லும் மெர்லின் செயலி இலவசம், நன்றாகவும் இருக்கிறது. காலை 20 நிமிடத்தில் மட்டும் அதைத் திறக்காதீர்கள். பொங்கல் நாட்களில் ஆண்டுதோறும் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. 15 நிமிடம் பார்த்ததை இபேர்டு (eBird) என்ற பறவைப் பதிவுத் தளத்தில் பதிந்தாலே நீங்களும் அதில் சேர்ந்தவர்தான்.

எந்த மாதத்தில் எதை எதிர்பார்க்கலாம்?

தமிழ்நாட்டுச் சமவெளிக்குச் சொல்கிறோம். மாசியில் புங்கம் இலை கொட்டி, பங்குனிக்குள் மின்னும் இளம்பச்சை போட்டுவிடும். குயில் அப்போதுதான் தொண்டையைத் திறக்கும். சித்திரையில் வேப்பம்பூ உதிரும், சரக்கொன்றை மஞ்சளாகத் தொங்கும். புரட்டாசி ஐப்பசியில் தட்டான்கள் கூட்டமாகச் சுற்றும், முதல் நல்ல மழைக்குப் பின் விளக்கடியில் ஈசல். அதே சமயம் வடக்கிலிருந்து வாலாட்டி, தகைவிலான் பறவைகள் வந்து சேரும், பங்குனி வாக்கில் திரும்பிப் போகும்.

ஏரி, கண்மாய் பக்கத்தில் இருந்தால் கார்த்திகை முதல் மாசி வரை காலையில் ஒருமுறை போங்கள். வேடந்தாங்கல், கூந்தன்குளம் பறவைச் சரணாலயங்களுக்கும் அதுதான் பருவம்.

வாசிப்பும் இதுவும் சேரும் இடம் ஒன்று உண்டு. கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களின் பெயர் வரிசையாக வருகிறது. கொன்றை, புன்னை, ஆம்பல், தும்பை, துளசி, தாழை எல்லாம் அதில் உண்டு, இன்றும் நடந்துபோய்ப் பார்க்கக் கூடியவை. ஓராண்டில் எத்தனையை நேரில் பார்க்க முடிகிறது என்று குறித்துவாருங்கள். இருபது பார்த்தாலே பெரிய விஷயம்.

இப்போது அலமாரிக்கு வரலாமா?

வரலாம். சனிக்கிழமை அரைமணி நேரம், ஒரு தட்டு மட்டும். முழு வீட்டையும் ஒரே நாளில் இறக்கினால் இரவு படுக்க இடமில்லாமல் எல்லாம் மறுபடி உள்ளே போய்விடும்.

சந்தேகமானதை அட்டைப்பெட்டியில் போட்டு, மேலே தேதி எழுதிப் பரணில் வையுங்கள். ஆறு மாதம் திறக்காமல் இருந்தால் கொடுத்துவிடலாம். கிழிந்ததையும் சாயம் போனதையும் தானம் என்று பிறருக்குத் தள்ளாதீர்கள், அது கரித்துணி. அம்மாவின் பட்டுப்புடவை, தாத்தாவின் வெற்றிலைப்பெட்டி போன்றவற்றை இந்தக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம். வீட்டை அடைப்பவை அவை அல்ல. இலவசமாக வந்த டப்பாக்கள், ஓடாத மிக்சி, மூன்றாவது டின்னர் செட் போன்றவைதான் அடைக்கின்றன.

இங்கே அடிக்கடி நடக்கும் தவறு, எளிமைக்கென்று புதிதாக வாங்குவது. அடுக்கி வைக்கப் பெட்டி, மூங்கில் பிரஷ், ஒரே அளவு கண்ணாடி ஜாடி. வீட்டில் எவர்சில்வர் டப்பா இருக்கும்போது கண்ணாடி ஜாடி எதற்கு?

கல்யாணம், மொய், பண்டிகை இதிலெல்லாம் எப்படிக் குறைப்பது?

குறைக்காதீர்கள். மொய்யும் விருந்தும் உறவின் கணக்கு. அங்கே கை வைத்தால் கஞ்சன் என்ற பெயர்தான் மிஞ்சும், மனமும் கசந்துபோகும். ஒரு மாதம் செலவை நோட்டில் எழுதினால் பணம் ஒழுகும் இடம் தெரிந்துவிடும். பலருக்கு அது விருந்தாளிகள் இல்லாத, யாருக்கும் தெரியாத, இரவு நேர வாங்கல்களாகவே இருக்கும். பிடித்த பொருளை உடனே வாங்காமல் நாட்காட்டியில் இன்றைய தேதியில் எழுதிவைத்து, அடுத்த மாதம் அதே தேதியில் பாருங்கள். பாதிக்குமேல் எதற்கென்றே மறந்திருக்கும்.

வீட்டில் மற்றவர்கள் ஒத்துவரவில்லை.

உங்கள் பொருளை மட்டும் குறையுங்கள், அவர்கள் பொருளைத் தொடாதீர்கள். தொலைக்காட்சி ஓடுகிறதென்றால் அதை நிறுத்தச் சொல்லாமல் வேறு அறைக்கு நாற்காலியைக் கொண்டுபோங்கள். பிள்ளைகளிடம் புத்தகம் படி என்று சொல்வதைவிட, அவர்கள் கண்ணெதிரே நீங்கள் படித்துக்கொண்டிருப்பது நல்லது.

எளிமை என்பதெல்லாம் வசதி உள்ளவர்கள் பேசுவதுதானே?

ஓரளவு உண்மை. சம்பளம் வாடகைக்கே போதாதவரிடமும் வட்டி கட்டிக்கொண்டிருப்பவரிடமும் எளிமையாக வாழுங்கள் என்று சொல்வது கொடுமை. அவர்களுக்குத் தேவை கூலி உயர்வும் கடனிலிருந்து விடுதலையும். இந்தப் பக்கம், தேவைக்குமேல் இருந்தும் நிம்மதி இல்லாதவர்களுக்கு எழுதியது. மரமும் நூலகமும் எல்லோருக்கும் பொது, அவ்வளவு சொல்லலாம்.

இன்னொன்று. இரண்டு வாரத்துக்குமேல் தூக்கம் கெட்டு, பிடித்ததெல்லாம் பிடிக்காமல்போய், அழுகையாக வந்துகொண்டிருந்தால் அதற்கு மருந்து புத்தகமோ பறவையோ அல்ல. மருத்துவரைப் பாருங்கள். இந்தியாவில் 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலும் பேசலாம்.

பழைய புத்தகங்களில் பூச்சி அரிக்கிறது. என்ன செய்வது?

ஈரம்தான் மூலகாரணம். அலமாரியைச் சுவரோடு ஒட்டாமல் 2 அங்குலம் தள்ளி வையுங்கள், புத்தகங்களையும் விரல் நுழையும் அளவுக்குத் தளர்வாக அடுக்குங்கள். வெள்ளியாக மின்னி ஓடுவது இராமபாணப் பூச்சி. அது ஒட்டுப்பசையையும் அட்டையையும் சுரண்டும். ஆண்டுக்கு இருமுறை, மழைக்கு முன்னும் பின்னும், புத்தகங்களை இறக்கித் தட்டி நிழலில் காற்றாட விரியுங்கள். நேர்வெயிலில் வைத்தால் தாள் பழுத்து மொறுமொறுவென்று உடையும். வேப்பிலை வைப்பதென்றால் நன்றாகக் காய்ந்ததைத் துணியில் முடிந்து வையுங்கள். பச்சை இலையைப் பக்கத்துக்குள் செருகினால் அந்த ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்கும். சுவரில் மண்கோடு தெரிந்தால் அது கரையான். அந்தத் தட்டை அன்றைக்கே காலி செய்து, கோடு எங்கிருந்து வருகிறது என்று தரைவரை தேடுங்கள்.